மூடுபனி அறையில் மீலா

மாதாவே துணை
வட்டகொடை, மேல் டிவிசன்
7.3.1982

அன்புள்ள மார்கிரட் அக்காவுக்கு,

தம்பி இராயப்பன் எழுதுறேன். இங்க நானும் அம்மாவும் சொகம். அம்மாவோட இருமல் எங்க ரெண்டு பேரையும் விட சொகமா இருக்கு, நல்லா வளருது. கொழும்பு வெயில் உங்கள என்ன செய்யுது? ஒடம்பு எப்படி?

அக்கா, போன கடுதாசில கடைசி வரியில ஒண்ணு எழுதிட்டு சும்மா கையெழுத்துப் போட்டுட்டீங்க. நீங்க வேலை பாக்குற வீட்டுப் பையன் சுரேனுக்கு அவங்க மாமா லண்டன்லேருந்து டி.வி.யில வெளையாடுற பெட்டி கொண்டாந்தாரு, அதுல என்னோட கண்ணாடிக் குதிரை இருக்குன்னு. அத எழுதிட்டு எப்படிக்கா தூக்கம் வந்துச்சு? எனக்கு வரல.

கண்ணாடிக் குதிரை ரெண்டு பாகத்தையும் அட்டன் தியேட்டர்ல நான் எத்தனை தடவை பாத்தேன்னு எனக்கும் டிக்கட் கிழிக்கிறவருக்கும்தான் தெரியும். நீங்க ஒண்ணுகூடப் பாக்கல, அதனால சொல்றேன். கோரன்னு ஒருத்தன், அவன்கிட்ட கண்ணாடியில செஞ்ச குதிரை. பனி ராணியோட கோட்டையில மீலான்னு ஒரு வேலைக்காரப் புள்ள. அது எங்க இருக்குன்னு தெரியணும்னு ராணி அது கழுத்துல ஒரு மணி கட்டியிருப்பா. கழட்டினா உசிரு போயிரும்னு சொல்லி வச்சிருப்பா. ரெண்டாம் பாகம் முடியிறப்ப மீலா மூடுபனிப் பள்ளத்துல விழுந்துரும். மணிச் சத்தம் மட்டும் கேக்கும். படம் முடிஞ்சிரும். லைட்டப் போட்டுட்டாங்க. நான் எந்திரிக்கவே இல்ல.

மூணாம் பாகம் கொழும்புல ஒரு வாரம் ஓடிட்டு அப்படியே போயிருச்சு. மீலா இருக்காளா செத்தாளான்னு இந்த மலையில சொல்ல ஆளில்ல. அந்தப் பெட்டியில கட்டாயம் இருக்கும். நீங்கதான் வெளையாடிச் சொல்லணும்.

டிசம்பர்ல நத்தார் பண்டிகைக்கு வருவீங்களான்னு அம்மா இப்பவே கேக்குது.

உங்கள் தம்பி
இராயப்பன்


கொழும்பு
21.3.1982

அன்புத் தம்பி இராயப்பனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். ஒரு தரம் சிரிப்பதற்கு, ஒரு தரம் விளங்குவதற்கு. நீ பேசுவது போலவே எழுதுகிறாய். ஏழாம் வகுப்பில் சிஸ்டர் உனக்குச் சொல்லிக்கொடுத்த தமிழ் எங்கே போனது? நான் நலம். அம்மாவுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடு.

அது ஒரு சின்னப் பெட்டி. கேசட்டை உள்ளே தள்ளினால் டி.வி.யில் படம் வரும். கையில் பிடிக்க ஒரு குச்சி, அதில் சிவப்புப் பொத்தான். போன மாதம் சுரேன், "மார்கிரட், நீ கொஞ்சம் குதிரைய ஓட்டு, எனக்குக் கை வலிக்குது" என்று தந்தான். அதைப் பார்த்துவிட்ட வீட்டம்மா, "இது ஒடைஞ்சா லண்டனுக்குத்தான் போகணும். நீ தொடாத. இன்னொரு தரம் தொட்டா நீ ஊருக்குப் போக வேண்டியதுதான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் வீட்டம்மா கோயிலுக்குப் போவார். சுரேன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். டி.வி.யின் தூசியைத் துடைப்பது என் வேலை. ஒரு டி.வி.யைத் துடைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. இது உனக்கும் எனக்கும் மட்டும்.

இனி நீ கோபப்படாமல் படி. கண்ணாடிக் குதிரை என்பது நான்கு நீலக் கட்டமும் ஒரு வாலும். கோரனுக்கு முகமே இல்லை. முதல் அறைகளை எப்படியோ தாண்டினேன். அப்புறம் மூடுபனி. டி.வி. முழுக்க வெள்ளை. எந்தப் பக்கம் போனாலும் திரும்ப அதே வெள்ளைதான். பிறகு ஓநாய் வந்து குதிரையை உடைத்துவிடுகிறது. அதற்கு மேல் சுரேனுக்கும் போகத் தெரியாது. உள்ளே எங்கேயோ ஒரு மணி கேட்கிறது.

இங்கே சாப்பாட்டு மேசையில் ஒரு பித்தளை மணி உண்டு. அதை அடித்தால் நான் போக வேண்டும். போன வெள்ளிக்கிழமை டி.வி.யில் மணி கேட்டதும், "இந்தா வர்றேம்மா" என்று எழுந்து ஓடிவிட்டேன். வீட்டில் ஒருவரும் இல்லை.

அன்புடன்
அக்கா மார்கிரட்


வட்டகொடை
28.3.1982

அன்புள்ள அக்காவுக்கு,

இங்க சொகம். நீங்க சொன்ன மாதிரி கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தேன். அம்மா பாதியக் குடிச்சிட்டு, "நீயும் குடி"ன்னு மீதிய எனக்குக் குடுத்துருச்சு. பேசுற மாதிரி எழுதினாத்தான்கா நீங்க வாசல் இஸ்தோப்புல ஒக்காந்து கேக்குற மாதிரி இருக்கு. சிஸ்டர்கிட்ட சொல்லிராதீங்க.

நாலு கட்டமா. அந்தக் குதிரை தண்ணி மேல ஓடுறப்ப ஒடம்புக்குள்ள மீன் தெரியும்க்கா. அத நாலு கட்டமாப் போட்டவனக் கூட்டியாந்து ஒரு நாள் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்ட விடணும்.

ஆனா கோவம் தணிஞ்சு யோசிச்சேன். செவ்வாக்கெழம கவ்வாத்து மலையில இருக்கிறப்ப பனி எறங்கிருச்சு, நீட்டுன கை தெரியல. நான் கத்தியோட நடந்தேன். கங்காணி வீரய்யா கத்துறாரு, "டேய் சினிமா, நின்ன எடத்துலயே நில்லுடா. பனியில நடந்தவனத்தான் பள்ளத்துல தேடணும். நிக்கிறவன யாரும் தேட வேண்டியதில்ல."

அப்பத்தான் எனக்குப் பட்டுச்சு. அக்கா, நீங்க ஏன் ஓடுறீங்க? நில்லுங்க. குச்சியத் தொடாம சும்மா நின்னு பாருங்க.

வேற ஊர்ப் புதினம், புள்ளமடுவத்துல புள்ளைங்களப் பாக்குற காளியாயி அக்கா குடும்பத்துக்கு இந்தியா போக பேரு வந்திருச்சு. வருச முடிவுல கப்பல். அழுதுக்கிட்டே சட்டி பானைய வித்துக்கிட்டு இருக்கு.

உங்க கடுதாசிய அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன், தொடாதன்னு அவங்க சொன்னத மட்டும் விட்டுட்டு. அம்மா மீலாவ அந்த வீட்டுல ஒங்களோட வேலை செய்யிற புள்ளைன்னு நெனைச்சுக்கிட்டிருக்கு. "அந்தப் புள்ள சாப்பிட்டிச்சான்னு கேட்டு எழுது"ன்னு சொல்லுது.

தம்பி இராயப்பன்


கொழும்பு
30.5.1982

அன்புத் தம்பிக்கு,

நான் நலமாக இருக்கிறேன். வெயில் குறைந்து மழை பிடித்திருக்கிறது. தாமதத்திற்குக் காரணம் வெள்ளிக்கிழமைகள்தான். ஒரு வெள்ளி வீட்டம்மாவுக்குக் காய்ச்சல், ஒரு வெள்ளி சுரேனுக்கு லீவு.

நின்றேன், தம்பி. மூடுபனிக்குள் குதிரையை நிறுத்திவிட்டுக் குச்சியை மடியில் வைத்துக்கொண்டேன். ஓநாய் வந்தது. பொத்தானை அமுக்க விரல் துடித்தது, அமுக்கவில்லை. ஓநாய் குதிரையைச் சுற்றிவிட்டுப் போய்விட்டது. பிறகு வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. அடியில் ஒரு படிக்கட்டு. படிக்கட்டின் முடிவில் ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு புள்ளி, மணி அடிக்கிற நேரமெல்லாம் அது மினுங்குகிறது.

அதுதான் உன் மீலா. ஒரு புள்ளிதான். ஆனாலும் உயிரோடு இருக்கிறாள்.

அதற்குள் வாசலில் கார் சத்தம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் துணியை எடுத்துத் துடைத்தேன். வீட்டம்மா வந்து டி.வி.யைத் தொட்டுப் பார்த்து, "ஏன் இது சூடா இருக்கு?" என்று கேட்டார். "அழுத்தித் தொடச்சேம்மா" என்றேன். அவர் என்னை நம்பினாரா என்று தெரியவில்லை.

மீலா சாப்பிட்டாள் என்று அம்மாவிடம் சொல்.

அக்கா மார்கிரட்


வட்டகொடை
20.6.1982

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்க சொகம், நீங்களும் சொகமா இருந்து இந்தப் பார்சலப் பிரிக்கணும். உயிரோட இருக்கான்னு படிச்சதும் நான் காலையில வேலைக்குப் பேரு பதியிற பெரட்டுக் களத்துல சத்தமாச் சிரிச்சிட்டேன். வீரய்யா, "இவனுக்குப் பேரு போடாதீங்க, பைத்தியம் முத்திருச்சு"ன்னாரு.

உள்ள சுருட்டி இருக்கிறது கோட்டைப் படம். நீங்க எழுதுனத வச்சும் சினிமாவுல பாத்தத வச்சும் வரைஞ்சேன். பழைய கலண்டர் தாளு நாலு ஒட்டினது. செவப்புக் கோடு நீங்க போன வழி. பச்சைக் கோடு இனிமே போக வேண்டிய வழி. கதவுக்கு முன்னால சாவி எங்க இருக்கும்னு மூணு எடத்துல புள்ளி வச்சிருக்கேன். உங்க வீட்டுத் தொரசாணி கோயிலுக்குப் போன ஒடனே ஆரம்பிச்சிருங்க, வெள்ளிக்கெழம ஒண்ணுதான் இருக்கு. டி.வி. சூடா இருந்தா ஈரத் துணியப் போட்டு எடுங்க.

இவ்வளவு பெரிய பார்சல் தொலைஞ்சிரக் கூடாதுன்னு நம்ம தோட்டத்துக்கு எழுதுற மாதிரியே செஞ்சிருக்கேன். வீட்டு ஐயா பேரை மேல பெருசா எழுதி, உங்க பேரை அதுக்குக் கீழ சின்னதாப் போட்டேன். நமக்கு வர்றதுல பெரிய தொர பேரு இருந்தா எவனாவது தொடுவானா?

நத்தாருக்கு லீவு கேட்டீங்களா?

தம்பி இராயப்பன்


வட்டகொடை
1.8.1982

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்க சொகம். உங்ககிட்டருந்து ஒண்ணும் வரல. தபால் பை வர்றப்பல்லாம் ஆபீசு வாசல்ல நிக்கிறேன். பார்சல் தொலைஞ்சிருந்தாப் பரவாயில்ல, வேற வரைஞ்சிரலாம். நீங்க சொகமான்னு மட்டும் ஒரு வரி போடுங்க. அம்மா ராவுல எந்திரிச்சு ஒக்காந்திருக்கு.

தம்பி


கொழும்பு
15.8.1982

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். அம்மாவை நிம்மதியாகத் தூங்கச் சொல்.

படம் வந்து சேர்ந்தது. அழகாக வரைந்திருக்கிறாய். ஐயாவும் வீட்டம்மாவும் பார்த்தார்கள். இனிமேல் என் பெயரை மட்டும் எழுது, அது போதும்.

எனக்கு வேலை கொஞ்சம் மாறியிருக்கிறது. இப்போது பின்பக்கம்தான். துணி துவைப்பது, மாவிடிப்பது, பாத்திரம். சுரேனைப் பார்க்க வேறு ஆள் வந்திருக்கிறது. கிணற்றடியில் காற்று நன்றாக வருகிறது.

விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமே. கதவு திறந்துவிட்டது. உள்ளே இருப்பது நீ வரைந்ததைப் போல இல்லை. தண்ணீர் கொட்டுகிற ஒரு பீலி, அதன் முன்னால் வரிசையாக வாளிகள். ஒரு வாளியின் கைப்பிடிக்குக் கயிறு கட்டியிருக்கிறது. பெண்கள் நிற்கிறார்கள், மீலாவும் வரிசையில் நிற்கிறாள். அவளுடைய முறை வரும்போதெல்லாம் மணி அடிக்கிறது, அவள் வரிசையை விட்டுப் போக வேண்டியிருக்கிறது. திரும்பி வந்தால் கடைசியில்தான் இடம். இந்த அறையை எப்படித் தாண்டுவது என்று யோசித்து எழுது.

அக்கா மார்கிரட்


வட்டகொடை
29.8.1982

அன்புள்ள அக்காவுக்கு,

உங்க கையெழுத்தப் பாத்ததும் அம்மாவுக்கு இருமல் பாதி நின்னுச்சு. இங்க மழைன்னா மழை, லயத்து வீட்டுக்குள்ள குடை பிடிச்சுச் சோறு திங்கிறோம்.

அக்கா, ஒண்ணு கேக்கணும். போன தடவை குதிரையே நாலு கட்டம், மீலா ஒரு புள்ளி. இப்ப வாளிக் கைப்பிடியில கட்டுன கயிறு வரைக்கும் எப்படித் தெரியுது? ஓநாய் எங்க போச்சு? குதிரை எங்க? உங்க கடுதாசில கோரனப் பத்திப் பேச்சே இல்ல. நான் ரெண்டு பாகத்தையும் மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துட்டேன், கண்ணாடிக் குதிரையில எங்கயும் தண்ணிப் பீலி கெடையாது. கயிறு கட்டுன வாளி நம்ம லயத்துலதான் இருக்கு, பேச்சியம்மா அத்தையோடது.

நீங்க வேற கேசட்டு ஏதும் மாத்திப் போட்டுட்டீங்களா? எனக்குக் கொழப்பமா இருக்கு. ஆனா வரிசைக்கு ஒரு யோசனை. மீலா மணி அடிச்சுப் போறப்ப வாளிய அங்கயே வச்சிட்டுப் போகட்டும். ஆளு இல்லாட்டியும் வாளி நின்னா எடம் நின்ன மாதிரி. நம்ம பீலியில அதான சட்டம்.

நீங்க ஏன் பின்பக்கம் போனீங்க?

தம்பி இராயப்பன்


கொழும்பு
26.9.1982

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் அம்மாவும் நனையாமல் இருங்கள்.

கேசட்டை நீ பார்த்தாயா, நான் பார்த்தேனா? உள்ளே போகப் போகப் படம் தெளிவாகும் போலிருக்கிறது.

உன் யோசனை சரியாக வந்தது. வாளி இடம் பிடித்தது, மீலா தண்ணீர் எடுத்துவிட்டாள். இப்போது கடைசி அறையில் இருக்கிறாள். சின்ன அறை, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ரெயில் போகிற சத்தம். கதவில் பூட்டு இல்லை. ஆனால் அவள் ஓர் அடி வைத்தாலும் கழுத்து மணி ஒலிக்கிறது, ராணிக்குக் கேட்டுவிடுகிறது. கோரன் வருவான் என்று காத்திருக்கிறாள். அவன் எந்த மூடுபனியில் நிற்கிறானோ.

நத்தாருக்கு லீவு கேட்டேன். அன்றைக்கு விருந்தாளிகள் வருகிறார்களாம். வீட்டம்மா மணியை அடித்தார், அடுத்த வேலைக்கு.

இந்த அறையில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நீ சொல்.

அக்கா மார்கிரட்


வட்டகொடை
24.10.1982

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்க சொகம். இதையும் நம்புங்க, அம்மா இருமாம ஒரு முழு பூசை பாத்துச்சு.

போன ஞாயித்துக்கெழம அழகுமுத்து அண்ணன் லீவுல வந்தாரு. உங்க வீட்டுக்கு அரிசி மூட்டை கொண்டாந்து போடுற அதே அண்ணன்தான். இஸ்தோப்புல ஒக்காந்து தேத்தண்ணி குடிச்சிக்கிட்டே பேசுனாரு. டி.வி. ரூமுக்கு ஜூலை மாசத்துலேருந்து பூட்டாமே. என் பார்சல ஐயா சாப்பாட்டு மேசையில பிரிச்சு வாசிச்சாராமே. அண்ணன் சொல்லச் சொல்ல அம்மா என்னையே பாத்துச்சு. நான் தேத்தண்ணிய மண்ணுல ஊத்திட்டேன். அதுக்கு மேல இதப் பத்தி நான் எழுதல, நீங்களும் எழுத வேணாம்.

அண்ணன் இன்னொண்ணும் சொன்னாரு. சுரேன் கடைசி வரைக்கும் வெளையாடி முடிச்சிட்டானாம். மீலா கதி என்ன ஆச்சுன்னு அண்ணனுக்கே தெரியுமாம். "சொல்லவா தம்பி? ரெண்டு வருசமா உசிர வாங்குனியே"ன்னாரு. நான் காதைப் பொத்திக்கிட்டுப் பீலிப் பக்கம் ஓடிட்டேன். அவரு பின்னாலயே வந்து, "டேய், சும்மா கேளுடா"ங்குறாரு. வேணாம்னுட்டேன். அது சுரேனோட கேசட்டு. எனக்கு நீங்க வெளையாடுறதுல வர்ற முடிவுதான் வேணும்.

கடைசி ரூமுக்கு வர்றேன். மூணு நாளா யோசிச்சேன். எல்லாரும் கோரன் வருவான் வருவான்னு இருக்காங்க, அவன் குதிரைய நிறுத்தி வச்சிட்டு யோசிக்கிற ஆளு. மீலாகிட்ட ஒண்ணு கேளுங்க. மணியக் கழட்டினா உசிரு போயிரும்னு யாரு சொன்னா? ராணிதான சொன்னா? கழட்டிச் செத்த யாரையாவது அந்தப் புள்ள கண்ணால பாத்திருக்கா? நான் ரெண்டு பாகத்துலயும் தேடிட்டேன். ஒருத்தருமே கழட்டிப் பாக்கலக்கா.

வேற, காளியாயி அக்காவுக்குத் தலைமன்னார் கப்பல் டிசம்பர்ல. புள்ளமடுவத்துக்கு ஆளு வேணும், படிச்ச புள்ளையா இருந்தா நல்லதுன்னு தோட்டத்து ஆபீசு கிளாக்கர் ஐயா அம்மாகிட்ட ஒங்க பேரச் சொல்லிக் கேட்டாரு. இதுக்கும் வெளையாட்டுக்கும் சம்பந்தமில்ல. சும்மா எழுதுனேன்.

தம்பி இராயப்பன்


கொழும்பு
5.12.1982

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். இந்த முறை அது வழக்கத்துக்கு எழுதியதில்லை.

ஆறு வாரமாக அந்த அறையிலேயே இருந்தேன். உன் கேள்வியை மீலாவிடம் கேட்டேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. நீ மலையில் நின்றுகொண்டு கேட்பாய், கழுத்து அவளுடையதல்லவா. பிறகு துணி துவைக்கும்போதும் யோசித்தாள், மாவிடிக்கும்போதும் யோசித்தாள்.

போன வெள்ளிக்கிழமை மீலா மணியைக் கழற்றினாள். கண்ணை மூடிக்கொண்டுதான் கழற்றினாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். ஒன்றும் ஆகவில்லை. கழுத்து லேசாக இருந்தது, அவ்வளவுதான். மணியை ஒரு துணியில் சுற்றி மேசைமேல் வைத்துவிட்டு ராணியிடம் நேராகப் போய், மாத முடிவோடு போகிறேன் என்று சொன்னாள். ராணி, "நத்தாருக்கு விருந்தாளிங்க வாறாங்க, யாரு பாத்திரம் கழுவுறது?" என்று கேட்டாள். மீலா, "அது எனக்குத் தெரியாதும்மா" என்றாள். ராணி கையை நீட்டி மணியைத் தேடினாள், துணிதான் அகப்பட்டது.

மாத முடிவு வரை அவள் இருக்க வேண்டியதில்லை என்று ஐயா சொல்லிவிட்டார். கோரன் வரவே இல்லை. நான் வந்ததும் உன் படத்தில் பச்சைக் கோடு முடிகிற இடத்தில் இதையும் எழுதி வை. படம் என்னிடம்தான் இருக்கிறது. ஐயா குப்பையில் போட்டதை அன்றைக்கே எடுத்து வைத்துக்கொண்டேன்.

பதினெட்டாம் தேதி காலை ரெயில். கிளாக்கர் ஐயாவிடம் அம்மா பேசட்டும். மீலா சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறாள் என்று அம்மாவிடம் சொல்.

ஸ்டேஷனில் பனி இறங்கியிருந்தால் என்னைத் தேடி அங்குமிங்கும் ஓடாதே. நான் இறங்கின இடத்திலேயே நிற்பேன்.

உன் அக்கா
மார்கிரட்